தரித்திர ரேகை

கேரள எல்லையில் இருக்கும் மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன்சீட்டு அம்மா சொன்னது காதில் விழுந்தது.

"ரேஷன் ஆபீசுல இன்னைக்கு என்னையத் தரித்திரம்னு சொல்லிட்டாங்க, கண்ணு."

பக்கத்தில் இருந்த பெண் பதறிவிட்டாள். "யாருங்கக்கா அப்படிச் சொன்னது?"

"புதுசா வந்திருக்கிற சார்தான். வசதியானவங்களுக்குக் குடுக்கற வெள்ளைக் கார்டு எனக்கு எதுக்கு, ஏழைங்களுக்குக் குடுக்கற ரோஸ் கார்டா மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். நீங்க தாரித்ரிய ரேகைக்கு மேலன்னு மலையாளத்துல என்னமோ சொன்னாரு. எந்த ரேகைங்க சார், காட்டுங்கன்னு கையை நீட்டுனேன்."

"அய்யோ! அப்புறம்?"

"ஜோசியம் பாக்கறாராட்ட இருக்குதுன்னு பின்னாடி நின்னவங்களும் கையை நீட்டிட்டாங்க."

அந்தப் பெண் சிரித்து முடிக்க ஒரு ஸ்டாப் ஆனது.

"அது வறுமைக்கோடுங்கக்கா. உங்க ஊட்டு முன்னாடி கார் நிக்குதல்லங்க? அதனால நீங்க கோட்டுக்கு மேல."

"அந்தக் கார்ல இஞ்சினே இல்லை. கோழிதான் உள்ள அடைகாக்குது."

"கார் கார்தானுங்களே."

"அப்பக் கோழிக்கு வெள்ளைக் கார்டு குடுக்கட்டும்."

கொஞ்ச நேரம் அந்த அம்மா தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன வாரம் ரேஷன் கடை மெஷின்ல இந்த விரலை வெச்சேன். பால் கறந்து கறந்து தேஞ்சு போச்சு, ரேகையே இல்லைன்னு அரிசி தராம அனுப்பிட்டாங்க. இல்லாத ரேகைக்கு மேல நான் எப்படி கண்ணு ஏறுனேன்?"