கதவில் கட்டிய கம்பி

என் மகள் ஆறு வயதில் ஒரு கேள்வி கேட்டாள். "ஒண்ணும் நடக்காம பாத்துக்கறதுதான் உன் வேலைன்னா, நீ வேலை செஞ்சியா இல்லையான்னு அவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" ஆலைப் பாதுகாப்புப் பிரிவில் இருபத்து மூன்று ஆண்டுகள் இருந்த என்னிடம் இவ்வளவு சரியான கேள்வியை எந்த மேலதிகாரியும் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே அவளுக்குத் தலை வாரிவிட்டேன்.

ஐயா, விசாரணையை முடித்துக் கோப்பை மூடிவிட்டீர்கள். இனி என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஆனாலும், இயந்திரங்களைச் சோதிக்கும் நிறுவனத்தை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்களுடையது ரப்பர் உருளை செய்யும் ஆலை. உருளைகளை நீராவியில் வேகவைக்க ஒரு கலன் உண்டு. ஒரு லாரியே உள்ளே போகலாம், அவ்வளவு பெரியது. அதன் வட்டக் கதவில் ஒரு பூட்டு ஊசி இருக்கிறது. உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருந்தாலும் ஊசி எழாது, கதவும் திறக்காது. ஊசி பழசாகிவிட்டதால், அழுத்தம் முழுக்கப் போன பிறகும் அரைமணி நேரம் முரண்டு பிடித்தது. அதனால் அது மேலே தூக்கி ஒரு கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

கலனை இயக்கியவரை 'விசில்' என்போம். வேலை நேரம் முழுக்கச் சீட்டியடிப்பார். "மாமியார் வீட்டுக் கதவு சார் இது. நாம வந்தது தெரிஞ்சாலும் தொறக்க யோசிக்கும்" என்பார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

ஆய்வுக்கு இரண்டு நிறுவனங்கள் விண்ணப்பித்தன. முதல் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். தேநீர் வேண்டாம் என்றார். நேராகக் கலனுக்குப் போய், டார்ச்சைப் பற்களில் கடித்துக்கொண்டு கதவு விளிம்பை அளந்தார். பிறகு கையைத் துடைத்தபடி, "இந்தக் கதவை இன்னிக்கே நிறுத்துங்க சார். பூட்டு சரியான பிறகுதான் நீராவி விடணும். நான் எழுதினா இதைத்தான் எழுதுவேன்" என்றார்.

இரண்டாம் நிறுவனத்தின் மேலாளர் தொலைபேசியில் பேசினார். "உங்களுக்கு எந்தத் தேதி தோது? முன்னாடியே படிவம் அனுப்பிடறேன், நீங்களே நிரப்பி வெச்சிடுங்க. நாங்க வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டுடறோம்" என்றார். மரியாதையான மனிதர். என் முதுகுவலியைப் பற்றிக்கூட விசாரித்தார்.

ஒப்பீட்டுத் தாளில் அனுபவம், கருவிகள், ஆட்கள் என்று மூன்று கட்டங்கள் உண்டு. மூன்றிலும் அந்தப் பெண்ணின் நிறுவனமே முன்னால் நின்றது. நான்காவதாக 'அணுகுமுறை' என்று ஒரு கட்டத்தை நானே போட்டேன். அதில் அவர்களுக்கு இரண்டு மதிப்பெண், மற்றவர்களுக்குப் பத்து. இயக்குநர் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டார்.

இதை இரக்கத்தால் செய்தேன் என்றே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கம்பி அறிக்கையில் ஏறினால் விசிலின் வேலை போய்விடும். அந்த வயதில் அவரை யார் எடுப்பார்கள்? சின்னச் சின்ன இரக்கங்களால்தான் உலகம் நடக்கிறது என்று நம்புகிறவன் நான். தினமும் பிரார்த்தனையில் அவர் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டேன். படிவத்தில் 'கதவுப் பூட்டு' என்ற வரிக்கு எதிரே 'திருப்தி' என்று எழுதினேன். மரியாதையான மனிதர் வந்தார். தேநீர் குடித்தார், கையெழுத்திட்டார். கலன் பக்கம் போகவில்லை.

ஏழு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் சிக்கி நின்றது. உள்ளே அழுத்தம் இருந்தது. ஊசி அதன் இடத்தில் இருந்திருந்தால் கதவு அசைந்திருக்காது. விசில் நெம்புகோலைத் திருப்பினார். கதவு எதிர்ச்சுவர் வரை போனது. விசிலும், உருளைகளை எண்ண வந்திருந்த பெண்ணும் அங்கேயே இறந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மறுநாள் விடுப்பு.

'பூட்டைத் தன்னிச்சையாகக் கட்டி வைத்த இயக்குபவரின் கவனக்குறைவு' என்று உங்கள் அறிக்கை சொல்லிற்று. கம்பியைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதை நம்பி எழுதினீர்கள். செத்துப்போன அந்தப் பெண்ணின் அண்ணன் விசில் வீட்டு வாசலில் வந்து நின்று, "உன் புருஷன்தான்டி என் தங்கச்சியைக் கொன்னான்" என்று கத்தினாராம். விசிலின் மனைவி என்னிடம் வந்தார்.

"நீங்க சொன்னா நம்பிக்கறேன் சார். அவரா அப்படிச் செஞ்சாரு?"

"மனசைத் தேத்திக்கங்கம்மா" என்றேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினேன்.

அந்தப் பொறியாளர் வந்த நாளில் நடந்த ஒன்றை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். அவர் கம்பியைத் தொட்டுக் காட்டி, "இதை யார் கட்டச் சொன்னது?" என்று கேட்டார். விசில் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தாம்மா. கதவு படுத்துதேன்னு நானே கட்டிக்கிட்டேன்" என்றார் அவர்.

கட்டச் சொன்னவன் நான். அதற்கு முந்தின ஆண்டு, சரக்கு லாரி வாசலில் காத்து நின்ற ஒரு மதியம், என் மேசை இழுப்பறையிலிருந்து கம்பியை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். "இது ஆகாது சார்" என்று அவர் தயங்கினார். ரெண்டு நாளைக்குத்தான் என்றேன். அந்தப் பொறியாளர் அறிக்கை எழுதியிருந்தால் அதே கேள்வி மறுபடி வந்திருக்கும். அடுத்த முறையும் விசில் எனக்காகப் பொய் சொல்வார் என்று என்ன நிச்சயம்? நான் காப்பாற்றியது என் நாற்காலியை. இரண்டு உயிர் போனது என்னால்.

நேற்று இதையே ஒரு தாளில் எழுதினேன். 'உங்கள் கணவர் குற்றமற்றவர். கட்டச் சொன்னது நான்' என்று அடியில் என் பெயரைப் போட்டேன். விசில் வீட்டுக் கதவின் அடியில் அதைத் தள்ளிவிட்டு வந்தேன். தெருவில் யாரும் இல்லை. அவர் மனைவி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.