நாற்பத்தோராவது குழி

எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன விஷயம், துரைராஜ் சார். உங்கள் ஆட்கள் காட்டுக்குள் வந்தபோது யாரோ ஒருவர் என்னுடைய பதினேழாம் கப்பில் பீடித் துண்டைப் போட்டிருக்கிறார். தரையில் புதைத்துவைத்த ஐஸ்கிரீம் கப்பைப் பார்த்தால் போலீஸ்காரருக்கு அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது. அவரைத் திட்ட வேண்டாம். இந்த வாரக் கணக்கில் பதினேழாம் கப்பைச் சேர்க்க முடியாது, அவ்வளவுதான்.

நடந்ததை என் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். சந்தோஷம். ஒன்பது வருஷமாக என் எழுத்தை முழுசாகப் படிக்கக் கல்லூரியில் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு இன்ஸ்பெக்டர் கிடைத்திருக்கிறார்.

நான் வில்பிரட். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். 1980-லிருந்து வண்டலூருக்கு அப்பால் இருக்கும் காப்புக்காட்டில் வண்டுகளை எண்ணிவருகிறேன். ஒரு காட்டில் எத்தனை வகை வண்டு இருக்கிறது என்று பார்க்க, வழியில் கண்டதையெல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் போதாது. அதற்கு ஒரு முறை வேண்டும். என் முறையில் பத்தடிக்கு ஒன்றாக நாற்பது கப்புகள், ஒரே நேர்கோட்டில். விளிம்பு தரையோடு சமமாக இருக்க வேண்டும். ஒரு நூல் உயர்ந்தாலும் வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும். நடந்துவரும் வண்டு விழுந்தால் ஏற முடியாதபடி உள்ளே கொஞ்சம் சோப்புத் தண்ணீர், சுற்றிலும் சருகு. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எடுப்பேன். அடுத்த செவ்வாய் ஏழு மணி வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் காலடி வைக்கக் கூடாது. இடையில் போய் எட்டிப்பார்த்தால் தரை அதிரும், எண்ணிக்கை கெட்டுப்போகும். என் மாமனார் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில். நாற்பது கப்பையும் எடுத்துவிட்டுத்தான் ஊரப்பாக்கம் போனேன்.

அப்படி ஒன்பது வருஷத்தில் அறுபத்து நான்கு வகை வண்டுகள். எங்கள் துறை வாசலில் பலகையில் எழுதியே மாட்டியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் சார் வந்தால் பார்க்கலாம்.

லாசரஸ் மூன்று வருஷத்துக்கு முன் எங்களிடம் விரிவுரையாளராகச் சேர்ந்தவன். நேர்முகத் தேர்வில் அவனைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். அவன் இவன் என்று எழுதுவது மரியாதைக் குறைவு அல்ல; அவனை எனக்குப் பிடிக்கும். அவனுக்கும் ஒரு முறை இருந்தது. முறை என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு கறுப்புக் குடை. அதைத் தலைகீழாக விரித்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் தடியால் கிளையைத் தட்டுவான். மேலே இருக்கிற வண்டுகள் பொலபொலவென்று குடைக்குள் விழும். வெயிலில் குடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மரத்தை அடிக்கிற ஆளைப் பார்த்து விறகு பொறுக்க வருகிற பெண்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆராய்ச்சி செய்பவன் செய்கிற காரியமா இது?

போன மாதம் என் அறைக்கு வந்தான். இரண்டு பேருக்கும் டீ சொன்னேன். குடையில் விழுந்தது மூன்றே மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வகை என்றான். அதில் என் அறுபத்து நான்கில் இருப்பவை பத்தொன்பதுதானாம். ஜனவரி கருத்தரங்கில் வாசிக்கப் போகிறானாம். என்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியதாம்.

"உங்க கப்புல நடக்கிற வண்டு மட்டும்தான் சார் விழும். மரத்துலயே பொறந்து மரத்துலயே சாகறது எப்படி விழும்? நீங்க காட்டை எண்ணலை சார். தரையைத்தான் எண்ணியிருக்கீங்க."

மெதுவாகத்தான் சொன்னான். மெதுவாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. கட்டுரையின் முதல் வரியில் எனக்கு நன்றி சொல்ல அனுமதியும் கேட்டான். கொடுத்தேன்.

இதைப் பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்கு வயது ஐம்பத்து நான்கு, பொறாமைப்படுகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. எனக்கு இருந்தது முறை சம்பந்தமான ஓர் ஆட்சேபம். குடைக்காரர்கள் கண்ணை மேலேயே வைத்திருப்பார்கள். கால் தன்பாட்டுக்கு நகரும். எந்த இடத்தில் நின்று தட்டினோம், எத்தனை அடி நடந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. அப்படி எடுத்த எண்ணிக்கையை எப்படி நம்புவது? இந்தக் குறையை அவனுக்கு ஒருமுறை நேரிலேயே காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தக் காட்டின் ஓரத்தில் இருக்கும் கல்குவாரிக்குப் பின்னால் ஓர் உசிலை மரம் இருக்கிறது. அதில் நீல நிறத்தில், நீளக் கொம்போடு ஒரு வண்டைப் பார்த்ததாக அவனிடம் சொன்னேன். பார்க்கவில்லை. ஆனால் பொறி வைக்கிறவனுக்குத் தெரியும், சில வண்டு அழுகின வாழைப்பழத்துக்கு வரும், சில வண்டு சாணத்துக்கு வரும். லாசரஸ் எதற்கு வருவான் என்று எனக்குத் தெரியும். அந்த மரத்தடியில் பாறை வெட்டிப் போட்டுவிட்டுப் போன பழைய குழி ஒன்று உண்டு. இருபதடி ஆழம், நாலு பக்கமும் செங்குத்து. புதன்கிழமை மத்தியானம் அதன் மேல் பனையோலை பரப்பிச் சருகைத் தூவினேன். விளிம்பு தரையோடு சமமாக வந்தது. ஒன்பது வருஷப் பழக்கம், அரை மணியில் முடிந்துவிட்டது.

அவன் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. விழுகிறானா என்று பார்க்கத்தான் நினைத்தேன். இரண்டும் வேறு வேறு என்பது படித்தவர்களுக்குப் புரியும்.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு விழுந்தான். கால் முறிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் மனைவி தபீதாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூட டீச்சர், அழுகிற பெண் அல்ல. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனவர் வரவில்லை, எந்தக் காடு என்றும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சார் தெரியும் என்றாள். செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுத்துப் பாருங்கம்மா என்றேன். என் மனைவி அவளைக் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நாற்பது கப்பையும் எடுத்து முடித்துவிட்டு, நானே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து குழியில் ஒருவர் கிடக்கிறார் என்று சொன்னேன். என் கடமையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் தபீதாள் சொன்னதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்: "அது ஏன் சார் செவ்வாய்க்கிழமை?"

அன்றைக்குத்தானே எடுப்பேன் என்றேன். மிகச் சாதாரணமான பதில். நீங்கள் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இடையில் குழிப் பக்கமே போகவில்லை, போவது என் விதிக்கு விரோதம் என்றும் சொல்லியிருந்தேன். அது சரியல்ல. அங்காளம்மாள் என்ற அந்த விறகுக்காரப் பெண்ணை நீங்கள் அழைத்துவந்து என் எதிரிலேயே கேட்டீர்கள். "அந்த சார் தெனம் சாங்காலம் குயியாண்ட குந்திகினு கீறாரு. இன்னாத்தையோ எயுதிகினு கீறாரு. கீய யாரோ மொனவுற மாரி இருந்திச்சி, கேட்டதுக்கு நரி வியுந்துகீதுன்னாரு," என்றாள். அவள் சொன்னது உண்மை. ஒன்பது வருஷத்தில் நான் விதியை மீறியது அந்த ஒரு வாரம்தான். நோட்டு உங்களிடம் இருக்கிறது. எத்தனை மணிக்குக் கூப்பிட்டான், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, எப்போது குறைந்தது எல்லாம் பதிந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை, பதிவும் இல்லை.

சனிக்கிழமையைப் பற்றி மட்டும் நோட்டில் எழுதவில்லை, இங்கே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு அவன் என் நிழலைப் பார்த்துவிட்டான். உதவிக்கு வந்திருக்கிறேன் என்று முதலில் நினைத்தான். நான் கல்லின் மேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்ததும் புரிந்துகொண்டான், நல்ல மூளை. பிறகு, அறுபத்து நாலுதான் சரின்னு நானே மேடையில சொல்லிடறேன் சார், பேப்பரைக் கிழிச்சிப் போட்டுடறேன் சார், என்னை மட்டும் தூக்கி விட்டுடுங்க என்றான்.

உயிருக்குப் பயந்து ஒருவன் மாற்றிச் சொல்கிற முடிவை ஏற்றுக்கொள்வது ஆராய்ச்சி நேர்மை ஆகாது. அதை அவனுக்கு மேலிருந்தபடியே பொறுமையாக விளக்கிச் சொன்னேன். பிறகு ஓலையைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு, ஆறு மணி எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.