காரை வலம் வந்தவர்கள்

— சாவியக் குடுங்க மச்சான். லாரி தெருமுக்குல நிக்குது.

— தரமாட்டேன்னு சொல்லிட்டேன்.

— நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பழங்காநத்தம் சந்துக்குள்ள அம்புட்டுப் பெரிய வண்டியக் கொண்டாந்துட்டு, வெறுங்கையோட திரும்பிப் போறதுக்கு நான் வரல. மொக்கைச்சாமி காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்காம ஸ்டியரிங்குல படுத்துக் கெடக்கான்.

— உள்ள வரச்சொல்லு. தோசை ஊத்தித் தாரேன்.

— கிண்டலா?

— இல்ல மாப்ள. மாவு இருக்கு. எம்புட்டுக் கொஞ்சமா அரைச்சாலும் ஒரு ஆளுக்கு மிஞ்சிப்போகுது.

— உங்க தோசையும் வேணாம், ஒண்ணும் வேணாம். எங்கக்கா செத்து முப்பதாம் நாளும் கும்பிட்டாச்சு. இனி இந்த வீட்டுல எனக்கு இருக்குறது ஒரே ஒரு சோலிதான். செட்டுக்குள்ள நிக்குதுல்ல செகப்புச் சனியன், அதக் கப்பலூருக்குக் கொண்டுபோயி, பழைய வண்டி ஒடைக்கிற எடத்துல போட்டு, கூடவே நின்னு, ஒவ்வொரு கண்ணாடியும் ஒடையிறதப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

— கார் என்ன செஞ்சுச்சு?

— என்ன செஞ்சுச்சா? கேளுங்க மச்சான், இன்னைக்குக் கேட்டுக்கங்க. பொறந்த வீட்டுக் கோடிச்சேலை கொண்டுவந்தது நானு. அவ மேல போத்துனது நானு. போத்துறப்பக் கழுத்தப் பாத்தேன். வெறும் மஞ்சக்கயிறு. சுத்தி நின்ன ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் பாத்தாளுக. தாலிக்கொடி எங்க, காசுமாலை எங்க, எங்கம்மா தன் காதுல இருந்து கழட்டிப் போட்ட தோடு எங்க?

— கார் வாங்கினோம்.

— பாரு, சொல்றதப் பாரு. சந்தையில கத்திரிக்கா வாங்குன மாதிரி.

— வேற எப்படிச் சொல்ல?

— அழுதுக்கிட்டுச் சொல்லுங்க. அன்னைக்கும் நீங்க அழுகல. தூக்குறப்பக்கூட, யாரோ எவரோ மாதிரி நின்னீங்க. எங்கம்மா இன்னைக்கு வரைக்கும் அதத்தான் சொல்லுது.

— வரல மாப்ள. வந்திருந்தா அழுதிருப்பேன்.

— எப்பிடி வரும்? உங்களுக்குப் பொண்டாட்டின்னா அது கார்தான. கனகலட்சுமி சும்மா சோறு பொங்கிப் போட வந்தவ.

— அவளுக்கு வந்தது டெங்கு. அதையும் காரையும் சேத்துப் பேசாத.

— நான் சேக்கல. அப்பா சேக்குறாரு. ஊர் மந்தையில உக்காந்து, என் மவ ஒரு தப்பும் செய்யல, மாப்ளயோட கார்ப் பித்துதான் அவள அரிச்சுத் தின்னுருச்சுன்னு போற வாற ஆளுகிட்டயெல்லாம் சொல்றாரு.

— சொல்லட்டும்.

— உங்களுக்கு ரோசமே வராதா?

— என்னை மட்டும் சொல்ற வரைக்கும் வராது.

— நல்ல மனுசன்யா. பாலிடெக்னிக்ல பாடம் நடத்துற ஆளு, மானம்னா என்னன்னு தெரியல. மொதல்ல அந்தப் பாலியோ காரு. அப்பறம் வெள்ளைப் போலோ. அத வித்துட்டு அந்தச் செடியா காரு. இப்ப எங்கயோ கோவாவுல செஞ்சதாம், இந்தத் தகரடப்பா. ரெண்டே சீட்டு, கூரை கெடையாது.

— தகரம் இல்ல, ஃபைபர். கூரையக் கழட்டி மாட்டலாம்.

— எங்கம்மாவ ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்னா எங்க உக்கார வைக்க? டிக்கியிலயா? சரி, கேக்குறேன், சொல்லுங்க. இதுகள்ல எது உசத்தி? எதுக்காக எங்கக்கா கழுத்து மொட்டையா நின்னுச்சுன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்.

— கோவத்துல கேட்டா சொல்ல முடியாது.

— எனக்கு இனிமே இந்த வீட்டுல கோவத்த விட்டா வேற ஒண்ணும் வராது. சொல்லுங்க.

— பாலியோ. திருமங்கலம் தாண்டினதும் நாலுவழிச்சாலையில விடியக்காலம். மூணாவது கியர்ல மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டிக்கும். போலோ மலைக்கு. காட்ரோட்டுல ஏறுனா ஒரு வளைவு முடியுறதுக்குள்ள அடுத்த வளைவுக்குத் தயாரா நிக்கும். செடியாவுக்குச் சத்தம். ஸ்டார்ட் பண்ணினா எதுத்த வீட்டு நாய் எந்திரிச்சு நின்னு பாக்கும்.

— அம்புட்டுத்தானா? நாய் எந்திரிக்கவா எங்கம்மா தோட்டக் கழட்டுச்சு?

— இல்ல. நான் ரோட்டப் பாக்க மாட்டேன் மாப்ள. உங்கக்கா மூஞ்சியத்தான் பாப்பேன். பல்லு பூராம் தெரியும். வீட்டுல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அதுக்குத்தான்.

— காத்தா பறக்குற கார்ல ரோட்டப் பாக்காம பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தாராம். அவ பயத்துல பல்லக் கடிச்சிருப்பா. அது உங்களுக்குச் சிரிச்ச மாதிரி இருந்திருக்கு.

— சிரிச்சா.

— எங்கக்காவப் பத்தி எனக்குச் சொல்லித் தாரீங்களா? அவளுக்குக் காருன்னாலே ஆகாது. பெரிய மனுசியான புதுசுல, அப்பா இல்லாத நேரம் டிராக்டர எடுத்து வயக்காட்ட ஒரு சுத்து சுத்திட்டா. அப்பா வந்து வெளக்கமாத்தால விளாசுனாரு. அதோட விட்டாரா? தரதரன்னு கருப்பு கோயிலுக்கு இழுத்துட்டுப் போயி, இனிச் செத்தாலும் எந்த வண்டி ஸ்டியரிங்கையும் தொடமாட்டேன்னு அருவா மேல கைய வச்சுச் சத்தியம் வாங்குனாரு. மீறுனா கருப்பு உசுரக் கேக்கும்னாரு. நான் டவுசர் போட்ட பய, பக்கத்துல நின்னேன். அன்னையில இருந்து வண்டின்னாலே ஒதுங்கிப் போவா.

— தெரியும். சொல்லியிருக்கா.

— தெரிஞ்சுமா அவள இழுத்துக்கிட்டு அலைஞ்சீங்க?

— நீ இப்ப சொன்னியே மாப்ள, வெளக்கமாத்தால அடிச்சாருன்னு. சொல்றப்ப உனக்கு ஒண்ணும் தோணலையா?

— தோணி என்ன செய்ய? அப்பா அடிச்சாரு. எல்லா வீட்டுலயுந்தான்.

— டிராக்டர எங்கயாவது முட்டுனாளா?

— இல்ல.

— வரப்பு மேல ஏத்துனாளா?

— இல்ல. நேராத்தான் ஓட்டுனா. அதுக்கென்ன இப்ப?

— ஒண்ணுமில்ல. ஒரு ஆளாவது அதச் சொல்லணும்ல. நேராத்தான் ஓட்டுனான்னு.

— பேச்ச மாத்தாதீங்க. ஊருக்குள்ள நீங்க காட்டுன பவுசு கொஞ்சமா? ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கூத்து. மதுரையில இருந்து அம்புட்டு வேகமா வருவீங்களாம், ஊர் எல்லைக்குள்ள மட்டும் நத்தை மாதிரி உருட்டிக்கிட்டு வருவீங்க. எல்லாரும் காரப் பாக்கணும். போன வருசம் கோயில் முன்னால மூணு தடவ ஆஃப் ஆகி நின்னுச்சு. சின்னப்பயலுக தள்ளிவிட்டானுக. எனக்குத் தல நிமுரல.

— எனக்கும்தான்.

— அதவிடக் கேவலம் ஊருக்கு வெளிய அந்தக் கம்மாய்ப் பாலம். ஆடு மேய்க்கிற சிவனாண்டி பாத்துட்டு வந்து டீக்கடையில சொன்னான். பாலத்துல நிப்பாட்டிட்டு ரெண்டு பேரும் எறங்கி, நீங்க இப்பிடி, எங்கக்கா அப்பிடி, காரச் சுத்தி வந்து ஏறுனீங்களாம். ஒரு தடவ இல்ல, வாரப்ப, போறப்ப, எல்லாத் தடவையும். காரக் கும்புட்டுச் சுத்துறாங்கடான்னு ஊரே சிரிச்சுச்சு. முத்துக்கருப்பன் வீட்டு மாப்ளைக்குக் கார்தான் கொலசாமின்னு பேரே வச்சிட்டாய்ங்க. அவளையும் சேத்துச் சுத்த விட்டீங்களே, அத என்னால மறக்க முடியல.

— சிவனாண்டி வேற என்ன பாத்தான்?

— வேற என்ன இருக்கு பாக்க? ஆட்டப் பாப்பானா, உங்களயே பாப்பானா?

— சரி.

— என்ன சரி? சாவி எங்க? ஆணியில தொங்குறது அதான?

— மாப்ள, அத எடுக்காத.

— எடுத்தாச்சு. தள்ளி நில்லுங்க.

— அந்தக் கார் ஊருக்கு வந்ததே இல்ல. வாங்கின கொஞ்ச நாள்ல அவளுக்குக் காய்ச்சல் வந்துருச்சு. உங்க யார் கண்ணையும் அது உறுத்தல. நிக்கட்டும்னு கேக்குறேன். நான் எதையும் உங்க வீட்டுல கேட்டதில்ல.

— கேக்காமத்தான் அம்புட்டையும் வித்தீங்க. வழிய விடுங்க மச்சான். தூசி படிஞ்சு கெடக்கு, காரியம் முடிஞ்சதுல இருந்து நீங்க தொடவே இல்லபோல. பெறகு எதுக்கு உங்களுக்கு? நானே எடுத்து லாரியில ஏத்துறேன்.

— ஜெயபாண்டி, எறங்கு.

— பேரச் சொல்லிக் கூப்புடுற அளவுக்கு ஆயிருச்சா? ஏத்திட்டுத்தான் எறங்குவேன். யப்பா, இதுக்குள்ள மனுசன் உக்காரவா முடியுது. முட்டி ரெண்டும் நெஞ்சுக்கு வருது. இந்தச் சீட்டப் பின்னால தள்ளுற கம்பி எங்க?

— தள்ளாத.

— என்னது?

— சீட்டத் தள்ளாத. கண்ணாடியத் திருப்பாத. கைய எடுடா அதுல இருந்து.

— கத்துறீங்க. இம்புட்டு நாளா வராத சத்தம் இப்ப வருது. எங்கக்கா செத்தப்ப வரல, ஒரு சீட்டுக்கு வருது.

— கைய எடு. கெஞ்சிக் கேக்குறேன். காரக் கொண்டுபோறதா இருந்தாக் கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போ. சீட்ட மட்டும் தொடாத.

— தொடாம எப்பிடி? கண்ணாடியில ரோடு தெரியல, என் சட்டப்பைதான் தெரியுது. சீட்டு ஸ்டியரிங்கோட ஒட்டிக் கெடக்கு. முதுகுக்கு வேற தலகாணி. இதென்ன, எங்கம்மா தைச்ச உறையில்ல இது? நீங்க என்னையவிட ஒரு சாண் ஒசரம். இதுல எப்பிடி மச்சான் உக்காந்து ஓட்டுனீங்க?

— நான் அந்தச் சீட்டுல உக்காந்ததே இல்ல மாப்ள.