பேர் சொல்லி விசாரித்தால்

மாரீஸ்வரி: ஏன்டா துரை, பஸ்ஸ விட்டு எறங்கி வீட்டுக்குப் போகாம என் கடையில வந்து குந்தியிருக்க? வடை எடுத்துக்க.

பாண்டித்துரை: வேணாம்க்கா.

மாரீஸ்வரி: காசு கேக்கலடா. திங்கக்கெழம ஓட்டல் வேலையில சேந்துட்டா, அப்புறம் என் வடையெல்லாம் ஒன் கண்ணுக்குத் தெரியுமா...

பாண்டித்துரை: அந்த ஓட்டலுக்குப் போயிட்டுத்தான் வாரேன்.

மாரீஸ்வரி: இன்னைக்கு என்னத்துக்கு?

பாண்டித்துரை: போன வாரமே வேலையில சேர ஆர்டர் வரும்னாங்க. வரல. போன் போட்டா எடுக்கல. அதான் நேராப் போய் நின்னேன்.

மாரீஸ்வரி: சரி... என்ன சொன்னாங்க?

பாண்டித்துரை: என் எடத்துக்கு வேற ஆளப் போட்டாச்சாம்.

மாரீஸ்வரி: அதெப்படி? மூணாறு டவுனு பூரா ஓட்டலு, நம்ம காலனியில ஒருத்தனுக்கு அங்க வேல உண்டா? எழுவது பேர்ல நாலு பேர எடுத்தாங்க, அதுல நீ ஒருத்தன். ட்ரெய்னிங் போயி, துண்ட எப்படி அன்னம் மாதிரி மடிக்கணும்னு என் முந்தானையில மடிச்சுக் காட்டுனியே.

பாண்டித்துரை: மடிக்கத் தெரிஞ்சு என்ன பண்ண. என் விலாசம் பொய்யாம்.

மாரீஸ்வரி: பொய்யா? பொறந்ததுல இருந்து இங்கதான கெடக்க.

பாண்டித்துரை: அது ஒனக்குத் தெரியும். விலாசம் சரிதானான்னு பாக்க ஒரு ஆள அனுப்பியிருக்காங்க. வெரிபிகேசனாம். காயிதத்துலயே பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன். ஆளு வரும்னு எவனும் சொல்லல.

மாரீஸ்வரி: வந்து யாரக் கேட்டானாம்?

பாண்டித்துரை: மூணு எடத்துல விசாரிச்சானாம். மூணு எடத்துலயும், அப்படி யாரும் இங்க இல்லன்னுட்டாங்களாம்.

மாரீஸ்வரி: ரிஞ்சு பயலாத்தான் இருக்கும். அதே வேலைக்குப் போயிக் கெடைக்காமத் திரும்புனவன்தான. வயித்தெரிச்சல்.

பாண்டித்துரை: அவன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. ஏலத்தோட்டக் கூலிக்கு உடும்பஞ்சோலை போயிட்டான்.

மாரீஸ்வரி: அப்ப செபமாலையம்மாளா இருக்கும். அதுக்குக் காதும் கேக்காது...

பாண்டித்துரை: புதங்கெழம, பதினோரு மணி. காலனிக்குள்ள வாரவன் ஒன் கடையத் தாண்டித்தான் படியேறணும். நீ பாக்கலையா?

மாரீஸ்வரி: புதங்கெழமையா... அடுப்புல நின்னுக்கிட்டிருந்தேன். பொகையில எவன் வாரான் போறான்னு எங்க தெரியுது.

பாண்டித்துரை: கழுத்துல கார்டு தொங்குற பட்டை. கையில பைலு. ஷூ.

மாரீஸ்வரி: டீயாச்சும் குடிடா. ஆறுது.

பாண்டித்துரை: பாண்டித்துரை வீடு எதுன்னு மலையாளத்துல கேட்டானாம்.

மாரீஸ்வரி: ...அவன் ஓட்டல்னு ஒரு வார்த்த சொல்லலடா.

பாண்டித்துரை: ம்.

மாரீஸ்வரி: சொல்லியிருந்தா கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து ஒன் வாசல்ல விட்டிருப்பேன். போன மழைக்கு இப்படித்தான ஒருத்தன் பைலோட வந்தான். நல்ல மனுசன்னு நெனச்சு நான்தான் கோகுல்நாத் வீட்டக் காட்டுனேன். மறுநா தவணை பாக்கின்னு அவன் ஆட்டோவ பைனான்ஸ்காரன் தூக்கிட்டுப் போயிட்டான். அவன் பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் என் மொகத்தப் பாக்க மாட்டேங்குறா. அப்பக் கொழாயடியில கூட்டம் போட்டது யாரு?

பாண்டித்துரை: நான்தான்.

மாரீஸ்வரி: ஷூ போட்ட எவன் வந்து பேர் சொல்லிக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுங்கன்னது யாரு?

பாண்டித்துரை: நான்தான்க்கா.

மாரீஸ்வரி: வீடு வீடாப் போயிச் சொன்ன. செபமாலையம்மாள மூணு தடவ சொல்ல வச்சுப் பாத்த. நாங்க சிரிச்சோம்... நானும் நல்லாத்தான்டா சொன்னேன். அப்படி ஒரு பேரே கேள்விப்பட்டதில்லன்னு. அவன் போனப்புறம், தம்பியக் காப்பாத்திட்டோம்னு சந்தோசமா வேற இருந்துச்சு. என்னையச் செருப்பால அடி.

பாண்டித்துரை: ஒன்னைய எதுக்கு அடிக்க.

மாரீஸ்வரி: கெளம்பு. ரேசன் கார்ட எடு. அந்த மேனேசர் கால்ல நான் விழுறேன்.

பாண்டித்துரை: கார்டு, ஆதார் எல்லாம் காட்டிட்டேன். ஒருத்தனக் கேட்டா ஊரே இல்லங்குது, அந்த எடத்துல இருந்து இனி ஆளே எடுக்க வேணாம்னு மேல இருந்து சொல்லிட்டாங்களாம். அடுத்த மாசம் நம்ம காலனி லிபினக் கூப்பிடுறதா இருந்தாங்க. அதுவும் போச்சு.

மாரீஸ்வரி: அவனுக்குமா... நாசமாப் போச்சு. ஒங்கம்மாகிட்ட நானே வந்து சொல்லிடுறேன்டா. என் வாயாலதான் போச்சுன்னு.

பாண்டித்துரை: வேணாம்க்கா. அம்மாகிட்டச் சொல்லாத.

மாரீஸ்வரி: எத்தன நாளைக்கு மறைப்ப? திங்கக்கெழமைக்குன்னு ஒன் சட்டைய நேத்தே இஸ்திரி போட்டு வாங்கி வச்சிருக்கு. என்னைய நாலு ஏச்சு ஏசட்டும், வாங்கிக்கிறேன். மத்த ரெண்டு பேரு யாருன்னு தெரிஞ்சா, ஒங்கம்மா அவங்க வாசல்ல மண்ண வாரித் தூத்தாம விடாது.

பாண்டித்துரை: அதான்க்கா வீட்டுக்குப் போகாம இங்க குந்தியிருக்கேன். அந்த ஆளு விசாரிச்ச எடத்துல எல்லாம் போட்டோ எடுத்திருக்கான். காட்டுனாங்க. மொத போட்டோவுல நீ நிக்கிற, கையில கரண்டியோட. ரெண்டாவது செபமாலையம்மா. மூணாவது எங்க வீட்டு வாசல்... அம்மாதான் நிக்குது, அப்படி யாரும் இல்லன்னு கைய விரிச்சுக்கிட்டு.