ஒரு நிமிஷ மௌனம்

— அசையாதீங்க டாக்டரம்மா. தோள் அளவு எடுக்கும்போது தலையைத் தலையை ஆட்டினா, கோட்டுல ஒரு கை நீளம், ஒரு கை குட்டைன்னு வந்துடும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.

— நான் இன்னும் டாக்டர் ஆகலை மாஸ்டர். கடைசிப் பரிட்சை பாக்கி இருக்கு. நாளைக்கு மேடையில பேசணும், அதான் வாய் தானா முணுமுணுக்குது.

— என்ன பேச்சு?

— நன்றி சொல்ற பேச்சு. முதல் வருஷத்துலேர்ந்து என் படிப்புச் செலவை ஏத்துக்கிட்டாரே ஒருத்தர், அவருக்கு. அவர் இல்லைன்னா நான் இந்நேரம் எங்க அண்ணன் வீட்டுல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு, அண்ணிகிட்ட பேச்சு வாங்கிக்கிட்டு இருந்திருப்பேன்.

— நல்ல விஷயம்தானே. சொல்லிட்டு வாங்க.

— யார்கிட்ட சொல்றது? மனுஷன்தான் உயிரோட இல்லையே! வருஷா வருஷம் விழாவுல ‘அமரர்’னு அவர் பேரைப் படிப்பாங்க. எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம், உக்காருவோம். சொந்தக்காரங்கன்னு ஒருத்தரும் வந்ததில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. காத்தைப் பாத்தா கும்பிடறது?

— நானும் அந்த விழாவுக்கு வருவேனே. கடைசி வரிசை.

— நீங்களா? எதுக்கு?

— நான் தச்ச கோட்டெல்லாம் ஆள் மேல எப்படி நிக்குதுன்னு பாக்கத்தான். மௌனத்துக்கு நானும் எழுந்து நிப்பேன். எல்லாரும் நிக்கும்போது நாம மட்டும் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? திரும்புங்க, முதுகு.

— அப்ப அவரை உங்களுக்குத் தெரியுமா?

— தெரியுமாவா! அவர் சட்டை எல்லாம் நான்தான் தைப்பேன். மகா கஞ்சன். கொசு கடிச்சா அடிக்க மாட்டார். ரெண்டு விரலால பிடிச்சு, ‘எடுத்ததை வெச்சுட்டுப் போ’ம்பார். கொசுவும் வெச்சுட்டுப் போகும்.

— போங்க மாஸ்டர்! அப்பேர்ப்பட்ட கஞ்சனா எங்களைப் படிக்க வெச்சார்?

— கஞ்சன்கிட்டதானேம்மா மிஞ்சும்? ஊதாரிகிட்ட என்ன இருக்கும், வாய்தான் இருக்கும். அந்தப் பழைய கோட்டைக் கொடுங்க, பை கிழிஞ்சு தொங்குது. மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டித் தர்றேன்.

— எப்படி மாஸ்டர் இறந்தார்?

— உங்க காலேஜ் ஆபீஸ்லயேதான். இந்த உதவியை ஏற்பாடு பண்ணப் போனார். குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தாம, ‘யார் ஞாபகமா?’ன்னு கேட்டார். இவர், ‘என் ஞாபகமாத்தான், வேற யார் ஞாபகமா?’ன்னார். அந்த இடத்துலயே ஆள் முடிஞ்சார்.

— அடப் பாவமே! ஹார்ட் அட்டாக்கா?

— இல்லை, கம்ப்யூட்டர். குமாஸ்தா தட்டினார், இவர் போயிட்டார்.

— எல்லாத்துக்கும் விளையாட்டுதான் உங்களுக்கு. எனக்கு மனசு ஆறலை. அவர் இருக்கும்போது ஒரே ஒரு தடவை, என் கையால ஏதாவது செஞ்சிருந்தேன்னா… இருங்க, இருங்க. மெஷினை மிதிக்காதீங்க! காலைத் தூக்குங்க மாஸ்டர்.

— ஏன், பூச்சியா?

— ஊசி! உள்ளங்கால்ல பாதி இறங்கி நிக்குது!

— அட! காலையிலேர்ந்து அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். கொடுங்க, நல்ல ஊசி.

— வலிக்கலையா உங்களுக்கு?

— வலிக்கலையே. இந்த வயசுல உடம்பு பூரா வலிக்குது, இது ஒண்ணுதான் சும்மா இருக்கு. அதையும் கிளப்பி விடாதீங்க.

— சர்க்கரை இருக்கா?

— டீக்கா?

— ரத்தத்துல! இந்தச் சுண்டு விரல் ஏன் கறுத்திருக்கு?

— அது மெஷின் எண்ணெய்ம்மா.

— துடைச்சுப் பாத்துட்டேன், போகலை. மாஸ்டர், கேளுங்க. இதை இப்படியே விட்டா முதல்ல விரலை எடுப்பாங்க, அப்புறம் காலை எடுப்பாங்க. கால் போனா மெஷினை எதால மிதிப்பீங்க? எழுந்திரிங்க, எங்க காலேஜ் ஆஸ்பத்திரி எதிர்லதானே இருக்கு. நான் கூட வர்றேன்.

— முதல்ல காலை விடுங்கம்மா. நாளைக்கு மேடையேறப் போறவங்க தையக்காரன் காலைப் பிடிச்சுக்கிட்டு… நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க?

— நினைக்கட்டும். வர்றேன்னு சொல்ற வரைக்கும் விடறதா இல்லை.

— அப்ப உங்க கோட்டு?

— பழைய கோட்டைப் போட்டுக்கிட்டுப் பேசறேன். கிழிஞ்ச பைக்குள்ள கையை விட்டு மறைச்சுக்கிட்டா ஆச்சு. கிளம்புங்க.

— உடும்புப் பிடியா இருக்கே! சரி, வர்றேன். ஆனா எதிர்ல வேண்டாம். பஸ் பிடிச்சு வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்.

— கால் இருக்கற இருப்புல பஸ்ஸா? இங்கன்னா எனக்கு எல்லாரையும் தெரியும். சீட்டுப் போடற இடத்துல பேரைச் சொன்னாப் போதும். ஆமா, மாஸ்டர் மாஸ்டர்னே கூப்பிட்டுப் பழகிட்டேன், உங்க பேர் என்ன?

— அதுதான்மா தொல்லை. அங்க போய் நான் என் பேரைச் சொன்னா, அத்தனை பேரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நிப்பாங்க.