பட்டியலில் இதயம் இல்லை

காலை ஆறரைக்கு எழுந்தான். பல் விளக்கினான். பால் காய்ச்சினான். ஜன்னலோரம் இருந்த இரண்டு தொட்டிகளுக்கும் தண்ணீர் விட்டான். ஒன்றில் செடி இல்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி இறந்து இரண்டு மாதமாகியும் அவளைத் தேடி வரும் அழைப்புகள் மட்டும் ஓயவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எடுத்தான்.

"ஹலோ… ஆமா, ஆமா, அவ புருஷன்தான் பேசுறேன்… புற்றுநோய்ப் பதிவு ஆபீஸா? சொல்லுங்க மேடம்… பேஷண்ட்கிட்ட குடுக்கணுமா? முடியாதே… இல்ல, குளிக்கப் போகல. செத்துப்போயிட்டா… பரவாயில்ல… அதான் பரவாயில்லைன்னேனே.

கேளுங்க… எங்க ஆரம்பிச்சதா? இதயத்துல… இல்ல மேடம், நுரையீரலுக்குப் பரவினது அப்புறம்தான்… உதயம் இல்ல, இதயம்! இலைக்கு வர்ற 'இ'… ஆமா, ஆமா, லப்டப்னு அடிக்குமே, அதேதான்.

…அங்கெல்லாம் கேன்சர் வராதா? யார் சொன்னா?… ஓ, கம்ப்யூட்டரா! பட்டியல்லயே இதயம் இல்லையா… ரொம்ப அபூர்வம் மேடம், ஆனா வரும். எங்க தெரு டாக்டரும் உங்க கம்ப்யூட்டர் மாதிரிதான். மூச்சு வாங்குதுன்னு போனோம், வாயுன்னார். அடுத்தவர் மனக்கவலைன்னார், என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, வீட்ல சண்டையான்னு வேற கேட்டார். மூணாமத்தவர் இதயத்தைச் சுத்தி நீர் கோத்திருக்குன்னு ஊசி குத்தி எடுத்தார். எக்கோ ஸ்கேன்ல கட்டி தெரிஞ்சுது. ரத்தம் உறைஞ்சிருக்குன்னு மாத்திரை குடுத்தாங்க. கரையல. கடைசியா சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தப்புறம்தான் கேன்சர்னே தெரிஞ்சுது… பேரு ஆஞ்சியோசார்க்கோமா… எழுத்துக்கூட்டவா? வேணாம், விடுங்க.

நெஞ்சைத் திறந்து வெட்டி எடுத்தாங்க, கீமோ குடுத்தாங்க. பெரிய டாக்டர் அபூர்வமான கேஸ்னு படிக்கிற பிள்ளைங்களை வரிசையா கூட்டிட்டு வந்து காட்டினார். 'நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ கூட்டம் வரலையே'ன்னு இவ சிரிக்கிறா…

என்னது? இன்னிக்கே ஃபைலை முடிக்கணுமா? அதுக்காக நுரையீரல்னு போட்டுருவீங்களா! கூடாது… மேடம், கேளுங்க. நாளைக்கு எவளோ ஒருத்தி மூச்சு வாங்குதுன்னு போவா. ஒரு டாக்டராவது உங்க பதிவைப் பார்த்திருந்தா, வாயுன்னு அனுப்ப மாட்டார்ல?… 'மற்றவை'யா? அப்படிப் போட்டா யாருக்குத் தெரியும்?… கீழ குறிப்புன்னு இடம் இருக்கா? இதை முதல்லயே சொல்லக்கூடாதா! அதுல எழுதுங்க… எங்க, படிங்க… மறுபடியும் உதயமா! மேடம்… ஆமா… ஆமா, ஆமா. இதயம். அவ்ளோதான்.

…அழுறீங்களா?… ஜலதோஷமா. சரி.

…கடைசியா என்ன சொன்னாளா? அதுக்கும் ஒரு கட்டம் இருக்கா?… ஓ, நீங்களா கேக்குறீங்களா…

அன்னிக்கும் இப்படித்தான். ஏதோ ஒரு ஆபீஸ்காரர்கிட்ட போன்ல மல்லுக்கட்டிக்கிட்டிருந்தேன், இதயம் இதயம்னு. அவ கட்டில்லேர்ந்து கூப்பிட்டா. 'போதும், போனை வைங்க. கால் ஜில்லுன்னு இருக்கு.'"