தலகாணியும் தண்ணிக்குழாயும்

ஸ்டேசன் காப்பி நல்லா இருக்குதுங்க சார். சக்கரைதான் கொஞ்சம் கம்மி. பரவால்லீங்க, ஆறு மாசம் கழிச்சு ஒருத்தர் கூப்பிட்டு உக்கார வெச்சுக் குடுக்கறீங்க.

பேரு கந்தப்பன். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கூருக்கு இருவத்திரண்டு வருசமா நாந்தான் தண்ணி உடறவன். எந்தத் தெருவுக்கு என்னைக்குத் தண்ணின்னு என்ற கையில இருக்கற வால்வுச் சாவிதான் சொல்லும். கல்யாணம்னா ஜோசியருகிட்டப் போறதுக்கு முந்தி எங்கிட்டத்தான் வருவாங்க. "சாமி, பதினாலாந்தேதி நம்ம தெருவுக்கு முறை வருமா?"ம்பாங்க. நான் தலையாட்டுனா அதுதான் முகூர்த்தம். ஊட்டுக்கு ஊடு காப்பி. நானா ஒண்ணும் கேட்டதில்லீங்க.

அப்பறம் வெளிநாட்டு உதவியில புதுத் திட்டம் வந்துது. ஊட்டுக்கு ஊடு குழாய், நாள் பூராவும் தண்ணி, வால்வு தானாத் தெறந்து தானா மூடிக்குமாம். பழைய லைனைப் புடுங்கிட்டாங்க. அந்த நாட்டு இஞ்சினியரம்மா, இனி நீங்க நிம்மதியாத் தூங்கலாம்னு ஆள் வெச்சுத் தமிழ்ல சொன்னாங்க. நல்ல மனுசி. தூங்கலாம்னு சொன்னதுலதான் எனக்குத் தலகாணி நெனப்பே வந்துது.

பள்ளத்துல எறக்குன குழாய்க்குக் காவலும் என்னையே போட்டிருந்தாங்க. இலவம்பஞ்சுத் தலகாணியக் கொண்டுபோயி குழாய்க்குள்ள சொருகுனேன். மறுநாள் குழாய இணைச்சு மண்ணைத் தள்ளிட்டாங்க.

தெறப்பு விழாவுல குழாய் காத்துத்தான் உட்டுது. அந்தம்மா மோட்டாரை மாத்துனாங்க. அதைவிடப் பெருசா இன்னொண்ணு வெச்சாங்க. கடைசியா அவங்க நாட்டுல இருந்து ரெண்டு நிபுணருங்க வந்து, எங்கூர் மேடு செரியில்லைன்னு எழுதிட்டுப் போனாங்க. பாவமாத்தான் இருந்துது. சனங்க எங்கிட்ட வருவாங்கன்னு பாத்தேன். டேங்கர் லாரிக்காரனுக்குப் போன் போட்டாங்க.

சாரதாமணியக்கா மக தனப்பிரியாளுக்குக் கல்யாணம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமத் தேதி குறிச்சுட்டாங்க. எனக்கு வருத்தமெல்லாம் இல்லீங்க. அன்னைக்குப் பாத்து லாரி வரலை. முந்நூறு பேரு சாப்புட்ட கையோட நின்னாங்க. மாப்பிள்ளை ரசத்துல கை கழுவுனாரு. அக்கா பந்தக்காலப் புடிச்சுட்டு அழுதாங்க. என்னைக் கேட்டிருக்கலாம்னு மட்டும் தோணுச்சு.

அடுத்த நாள் அக்கா கடப்பாரையோட வந்து, குழாயத் தோண்டாம எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்துட்டாங்க. தோண்டி அறுத்தாங்க. எங்க கல்யாணத்துக்குப் பொன்னாத்தாள் கையால பூத்தையல் போட்ட தலகாணி வந்துது. ரெண்டு கிளி, அடியில செவப்பு நூல்ல 'கந்தப்பன் பொன்னாத்தாள்'. இஞ்சினியரம்மா அந்தக் கிளியத் தடவிப் பாத்து, வேலைப்பாடு அருமைன்னாங்க. ஊரே என்னையப் பாத்துது.

பொன்னாத்தாள் ஒண்ணுதான் கேட்டா. "ஏனுங்க, ஊட்டுல வேற தலகாணியே இல்லீங்களா?"

இருந்துதுங்க. அதையெல்லாம் முன்னாடியே வெச்சுட்டேன்.

மொத்தம் ஏழு சார். செஞ்சது நாந்தான், ஒத்துக்கறேன். தண்ணி சும்மா வந்தா அதோட அருமை தெரியாமப் போயிரும், சனங்க நன்மைக்குத்தான் செஞ்சேன். எனக்குன்னு ஒண்ணும் எதிர்பாக்கலீங்க. மிச்சம் ஆறு எங்கெங்க இருக்குதுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். ஒரே நாள்ல கேக்காதீங்க. தெருவுக்கு ஒருநாள் முறை வெச்சுச் சொல்றேன். நாளைக்குக் கெழக்குத் தெரு. சக்கரை மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்லுங்க.